சும்மா இருக்கும்போது அணைகிற லேப்டாப்

அண்ணியின் லேப்டாப் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் வடிவமைப்பது அவள் வேலை. மீந்திருக்கும் கால் நுழைகிற கிண்ணத்துக்கு சாக்கெட் என்று பெயர். அது உடம்பில் எங்கே, எவ்வளவு அழுத்தும் என்று லேப்டாப் கணக்குப் போட்டுக் காட்டும். ஒரு வடிவத்தைப் பார்த்து முடிக்க அரை நாள் போய்விடும்.

இப்போது அவள் கையில் இருந்தது ரொட்டிக் கடைக்காரரின் சாக்கெட். முழங்காலுக்குக் கீழே கால் போனவர். பழைய சாக்கெட் முழங்காலுக்குப் பின்னால் இரண்டு முறை புண்ணாக்கிவிட்டது. இன்னொரு முறை புண் வந்தால் அடுப்பு வேலையையே மறந்துவிடச் சொல்லிவிட்டார் மருத்துவர். சாக்கெட்டை வெட்டித் தரும் இயந்திரம் பக்கத்துப் பட்டறையில் இருந்தது. நாளை மறுநாள் காலை அண்ணியின் முறை. தவறினால் அடுத்த மாதம்தான். அவள் மனதில் ஆறு வடிவங்கள் இருந்தன. லேப்டாப் ஓடுகிற ஓட்டத்துக்கு மூன்றைப் பார்த்தாலே பெரிது.

விடுமுறைக்கு வந்திருந்த நாத்தனார் கதவில் சாய்ந்து ஃபேனின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். லிஃப்ட் பழுது பார்ப்பவள். எதையும் திறந்து பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குக் குடைச்சல் என்று பெயர்.

"அண்ணி, இது வேலை செய்யுதா, மூச்சு வாங்குதா?"

"வாங்கட்டும், நீ கிட்ட வராத. போன தடவை டேபிள் ஃபேனைத் தொட்ட. இன்னிக்கு வரைக்கும் அது சுவரைப் பார்த்துத்தான் காத்து வீசுது."

"சுவருக்கும் வேர்க்கும்ல அண்ணி?" குடைச்சல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒவ்வொரு சிப்பும் ஒவ்வொரு மாதிரி. தனித்தனியா பார்த்துக்கிட்டிருக்க முடியாதுன்னு எல்லாத்துக்கும் கொஞ்சம் கூடவே வோல்டேஜ் வெச்சு அனுப்புவாங்க. அந்தக் கூடுதல்தான் வீணா சூடாகுது. அதைக் குறைச்சா சூடு குறையும். அப்புறம், இத்தனை வாட்டுக்கு மேல மின்சாரம் இழுக்காதேன்னு போட்டிருக்கிற வரம்பைக் கொஞ்சம் ஏத்திவிடலாம். வேகம் தானா வரும்."

"கெட்டுப்போச்சுன்னா?"

"வோல்டேஜைக் குறைச்சா கெடாது. தாங்கலன்னா அணைஞ்சிடும். திரும்பப் போட்டா எழுந்துக்கும்."

அண்ணி கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

குடைச்சல் உப்புப் பார்ப்பதுபோல வோல்டேஜைச் சிறிது சிறிதாகக் குறைத்தாள். ஒவ்வொரு முறையும் சிப்புக்கு இருப்பதிலேயே கடினமான சோதனையைக் கொடுத்தாள். அணையாமல் தாங்கி நின்றது. இன்னும் குறைத்தாள். அப்போதும் தாங்கியது. வரம்பை ஏற்றினாள். முதல் வடிவத்தின் கணக்கு மதியச் சாப்பாட்டுக்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. அண்ணிக்குக் கண் கலங்கியது. "நீ நல்லா இருப்ப" என்றாள். முடிவைச் சேமிக்கக்கூடத் தோன்றாமல், இருவரும் சிரித்துக்கொண்டே காபி போடப் போனார்கள்.

திரும்பி வந்தபோது திரை கறுத்திருந்தது. கணக்கு போயே போய்விட்டது.

"நீ நல்லா இருப்பன்னு இப்பத்தான் சொன்னேன்" என்றாள் அண்ணி.

மறுபடி ஓட்டினார்கள். ஓடும்போது ஒரு தடுமாற்றமும் இல்லை. இந்தத் தடவை முடிந்ததும் சேமித்தார்கள். சேமித்துவிட்டுச் சும்மா விட்டார்கள். சற்று நேரத்தில் மறுபடி அணைந்தது. பிளக்கை மாற்றிப் பார்த்தார்கள். திரை தூங்காமல் வைத்துப் பார்த்தார்கள். வேலை கொடுத்தால் தாங்கி நிற்கிறது. ஓய்வு கொடுத்தால் விழுகிறது.

"உங்கண்ணனுக்கு நேர் எதிர்" என்றாள் அண்ணி. "அவருக்கு வேலை குடுத்தாத்தான் மயக்கம் வரும்."

குடைச்சல் சிரிக்கவில்லை. நகத்தைக் கடித்தபடி திரையையே பார்த்தாள். பழையபடி வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் கடைக்காரருக்கு வடிவங்கள் குறைந்துபோகும். அதோடு, ஏன் என்று தெரியாமல் விட்டுவிட அவளால் முடியாது.

அந்த நேரத்தில் ரொட்டிக் கடைக்காரரே கடைசியாக ஒரு முறை அளவு சரிபார்க்க வந்தார். வந்தவர் சுவரோரமாக நின்றார். அண்ணி தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உட்காருங்கண்ணே."

"பரவால்லம்மா, நின்னுக்கிறேன்."

"கடையில நாளெல்லாம் நிக்கிறீங்க. இங்கயாவது உட்காரக் கூடாதா?"

அவர் தயங்கினார். "நிக்கிறது சுகம்மா. உட்கார்ந்தாத்தான் பின்னாடி விளிம்பு குத்துது."

அண்ணி கையிலிருந்த அளவு நாடாவைக் கீழே வைத்தாள். "இத்தனை நாளா ஏண்ணே சொல்லல?"

"நின்னா வலிக்குதா, நடந்தா வலிக்குதான்னு கேட்டீங்க. இல்லன்னேன்." அவர் வெட்கத்தோடு சிரித்தார். "உட்கார்ந்தா வலிக்குதுன்னு எப்படிச் சொல்றது? உட்கார்றதுக்கா கால் கேட்டேன்?"

அண்ணி ஒரு துண்டை மடித்து, தரையில் மண்டியிட்டு, விளிம்புக்கும் அவர் காலுக்கும் நடுவே வைத்தாள். பிறகுதான் அவர் முழுப் பாரத்தோடு உட்கார்ந்தார். உழைக்கிறவரிடம் நாம் உழைப்பைப் பற்றித்தான் விசாரிக்கிறோம். ஓய்வு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு நாற்காலியை நகர்த்த வேண்டியிருக்கிறது.

குடைச்சல் அவர் காலைப் பார்த்தாள். லேப்டாப்பைப் பார்த்தாள்.

"அண்ணி! நாமளும் இதை நிக்க வெச்சேதானே சோதிச்சோம்?"

"புரியற மாதிரி சொல்லு."

"பெரிய வேலை செய்யும்போது இதுக்கு நிறைய வோல்டேஜ் வருது. அதுல ஒரு பிடி எடுத்தா தாங்கிக்கும். சும்மா இருக்கும்போது வர்றதே கொஞ்சம். நான் அதுலயும் அதே ஒரு பிடியை எடுத்திருக்கேன். பாவம், அது எங்க போகும்?"

எடுத்ததில் பாதியைத் திருப்பிக் கொடுத்தாள். ஏற்றிய வரம்பை அப்படியே விட்டாள். பிறகு மூவரும் ஒன்றும் செய்யாத லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து அதையே பார்த்தார்கள்.

"இதுல என்னம்மா தெரியும்?" என்று கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணும் தெரியக் கூடாதுண்ணே. அதுக்குத்தான் பார்க்கிறோம்."

காபி ஆறி, அவர் கதையெல்லாம் பேசி முடித்தும் திரை அணையவில்லை. காலையில் இருந்த வேகம் இல்லை. பழைய வேகத்துக்கு எவ்வளவோ மேல். அண்ணி அன்று மாலையே, முதன்முதலாக, முழங்காலை மடித்து உட்கார்ந்த நிலைக்குக் கணக்குப் போட்டாள். அழுத்தம் அதிகம் என்று பின்விளிம்பு சிவப்பாகத் தெரிந்தது, புண் வந்த அதே இடத்தில். மறுநாள் முழுக்க விளிம்பைத் தாழ்த்தியும் வளைத்தும் ஒவ்வொரு வடிவமாகப் பார்த்தாள். ஐந்தாவதில் சிவப்பு இல்லை.

இயந்திரம் அதை வெட்டித் தந்தது. கடைக்காரர் மாட்டிக்கொண்டு அறையில் நடந்தார். "நல்லா இருக்கு" என்றார்.

"நடந்தது போதும்" என்று குடைச்சல் நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

அவர் உட்கார்ந்தார். துண்டு தேவைப்படவில்லை. கடைக்கு நேரமாகிறது என்று இரண்டு முறை சொன்னார். ஆனால் எழுந்திருக்கவில்லை.