நாகமுத்துவின் குரலில்

எங்கள் பக்கத்தில் கதை கேட்கப் போகிறவர்கள் புத்தகத்தின் பெயரைக் கேட்க மாட்டார்கள். யார் படிக்கிறார் என்றுதான் கேட்பார்கள். அழ ஆசையா, ரெம்பியா தோட்டத்து அன்னம்மாவிடம் போ. சாமி கதையா, செலண்டார் தோட்டத்துப் பூசாரி. கொலை, கொள்ளை, துப்பறிவது என்றால் எங்கள் தோட்டத்துத் தம்புசாமி அண்ணனை விட்டால் ஆளில்லை. மலாக்காவிலிருந்து யார் நாவல் வாங்கி வந்தாலும் நேராக அவர் கைக்குத்தான் போகும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்கள் படித்தால் தூக்கம்தான் வரும்.

தம்புசாமி உள்ளதை உள்ளபடி படிக்க மாட்டார். அச்சுத் தமிழை எங்கள் லயத்து வீடுகளில் பேசுகிற பேச்சாக மாற்றி, கதையில் வருகிற ஒவ்வொருவருக்கும் தோட்டத்து ஆள் ஒருவரின் குரலைக் கொடுப்பார். ஜமீன்தாருக்குக் கங்காணி குரல். வக்கீலுக்கு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சாமிநாதன் குரல். கொள்ளைக் கூட்டத் தலைவனுக்கு என் புருஷன் நாகமுத்துவின் குரல். புகைக்கூடத்தில் ரப்பர் காய வைக்கிற வேலை அவருக்கு. புகை குடித்துக் குடித்துத் தொண்டை கரகரத்துப் போயிருந்தது. மற்றபடி பிள்ளைப்பூச்சி. கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார். தன் குரல் கொள்ளைக்காரனாகி ஊரை மிரட்டுவதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுத் தொடையைத் தட்டிச் சிரிப்பார். பெருமை வேறு!

மலாயாவில் வெள்ளைக்காரர்களின் அவசரகாலம் வந்தது. லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். பொழுது சாய்ந்தால் கேட்டைத் தாண்டக் கூடாது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்தாலும் கைது. போக்கிடம் இல்லாததால், வேலிக்குள் இருந்த பள்ளிக்கூடத்தில் கதைக்குக் கூட்டம் கூடியது.

ஒரு சாயங்காலம் என் புருஷனுக்குக் காய்ச்சல். “நீ போய்க் கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லு” என்று என்னை அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டார். கதையில் கொள்ளைத் தலைவன் காட்டில் பதுங்கியிருந்தான். தம்புசாமி கரகரத்தார்: “அரிசி மூட்டைய ஓடக்கரையில வச்சிட்டு வந்துரு. உள்ள நம்ம ஆளுங்க பசியா கெடக்காங்க. மாத்தா போலீசுக்குத் தெரிஞ்சுச்சு, ஒன்னையும் சுட்டுருவேன்லா!”

கூட்டம் கைதட்டியது. அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த வீரமுத்து தகவல் சொல்ல ஓடிவிட்டான். வேலியைக் காக்கப் புதிதாக வந்திருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் அவன். எங்கள் யாரையும் தெரியாது. உள்ளே எட்டிப் பார்த்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். பயந்தாங்கொள்ளிப் பயலுக்கு எங்கே வரும் அந்தத் தைரியம்?

விடிந்ததும் லாரிகளில் போலீஸ் வந்தது. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுத் திடலில் எல்லாரையும் நிற்க வைத்தார்கள். வெள்ளைக்காரப் போலீஸ் துரை கேட்டதைக் கிராணி சாமிநாதன் தமிழில் சொன்னார்.

“நேத்து சாயங்காலம் அரிசி மூட்டையப் பத்திப் பேசுச்சே ஒரு கொரலு, அது யாரோடது?”

கதையின் புகழ் துரை வரைக்கும் போய்விட்டது என்று நினைத்தான் இருளாண்டி, மடையன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தான். “நாகமுத்து கொரலுங்க. அச்சு அசல் நாகமுத்துவேதான்லா!” பின்னால் நின்றவர்களும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். தம்புசாமியைப் பாராட்டுகிறார்களாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் புருஷன் அடுத்தவர் வாயால் கெட்டார்.

காய்ச்சலோடு கம்பளியைச் சுற்றியபடி அவரை இழுத்து வந்து லாரியில் ஏற்றினார்கள். நான் துரையின் காலில் விழுந்தேன். “கதைங்க! தம்புசாமி அண்ணன் படிச்ச கதைங்க!”

அந்தத் துரை கேட்காமல் போயிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அவர் கேட்டார். அந்த ஆள் வந்து படித்துக் காட்டட்டும் என்றார். தம்புசாமி புத்தகத்தோடு வந்தார். கிராணி, கழுவுகிற மீனில் நழுவுகிற மீன், அவர் காதருகே போனார். எனக்கும் கேட்டது. “அந்தக் கொரலு ஒன் வாயிலேருந்து வந்ததுன்னா, அந்தச் சொல்லும் ஒன்னோடதுன்னுதான் எழுதுவாங்க. பாத்துக்க.”

தம்புசாமி படித்தார். பாலர் வகுப்புப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிறமாதிரி படித்தார். “அரிசி மூட்டையை ஓடையின் அருகே வைத்துவிட்டுத் திரும்பு என்றான் தலைவன்.”

“இதுவா நீ கேட்டது?” என்றார் துரை.

“இல்லைங்க” என்றான் வீரமுத்து.

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். அதில் உயிர் இன்னும் குறைவு. லாரியிலிருந்து என் புருஷன் கத்தினார்: “அண்ணே, என் கொரல்ல படிண்ணே! என் கொரல்ல படி!”

வீரமுத்து துள்ளித் திரும்பினான். “இதுதாங்க! நேத்து கேட்டது இந்தக் கொரல்தாங்க!”

லாரி புறப்பட்டது. இருளாண்டி உட்பட எல்லாரும் வேலைக்கு நடந்தார்கள். அவரை மலாக்காவில் அடைத்து வைத்து, பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். கைக்குழந்தையாக இங்கே வந்தவர். அந்த ஊரில் அவருக்கு முகம் தெரிந்த ஒருவர்கூட இல்லை. கப்பல் போன பிறகுதான் எனக்குச் சொன்னார்கள்.

சில மாதம் கதை நின்றது. பிறகு, போனது போகட்டும் என்று மறுபடி கூடினார்கள். நானும் போய், அவர் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் தம்புசாமி புத்தகத்தை மூடினார்.

“அவரு கொரல்ல பேசுங்கண்ணே” என்றேன்.

“வேணாம் குஞ்சம்மா. இப்ப அது வராதும்மா.”

“தொர முன்னாடிதான் வராது. இங்க வரும். ‘குஞ்சம்மா, காய்ச்ச விட்டுருச்சு, கஞ்சி ஊத்து’ன்னு சொல்லுங்க.”

அவர் அழுதார். அழட்டும் என்று இருந்தேன். இரக்கப்பட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் சொன்னார். என் புருஷனேதான்! அந்தக் கரகரப்பு, அந்த இழுப்பு, எல்லாம் இருந்தது.

கதவை உதைத்துக்கொண்டு வீரமுத்து துப்பாக்கியோடு உள்ளே பாய்ந்தான். “நாகமுத்து எங்க? எப்படித் திரும்பி வந்தான்?” ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். தம்புசாமியின் முகத்தில் கண் நின்றது. அவனுக்கு விளங்கிவிட்டது.

“வா, தொரைகிட்ட சொல்லு” என்றேன்.

“கப்பல் போயிருச்சுக்கா” என்றான் மெதுவாக. “இப்ப சொன்னா என் வேல போயிரும்.”

அவன் போனான். கூட்டமும் ஒவ்வொருவராக எழுந்து போனது. தம்புசாமி எழப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே.”