இருபத்தைந்து டிகிரி எல்.என்.பி.

என் அக்காள் புருஷன் வெள்ளைத்துரைக்கு அசைக்க முடியாத கொள்கை ஒன்று உண்டு. எண் பெரிதாக இருந்தால் சரக்கு நல்லது. தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகப் போர்மேனாக இருக்கிறார். நூறு வாலாவை விட ஆயிரம் வாலா உசத்தி, ஆயிரத்தை விடப் பத்தாயிரம் உசத்தி என்றே பழகிப்போன மூளை. அந்த மூளையோடு அவர் சிவகாசிக்கு டிஷ் ஆன்டெனா வாங்கப் புறப்பட்டார். துணைக்குப் போன புத்திசாலி நான், செல்வக்குமார். சிவகாசியில் காலண்டர் அடிக்கிற ஆப்செட் பிரஸ்ஸில் வேலை.

இரண்டாயிரத்து ஒன்பது சீசன் அது. தீபாவளி அக்டோபர் பதினேழு. மூச்சு விட நேரமில்லாத அந்தச் செப்டம்பர் மாதத்தில் டிஷ் வாங்கக் காரணம், அவர்களுடைய ஒரே மகள் இசைவாணி. மதுரையில் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், மேடைப் பேச்சில் கெட்டிக்காரி. ஒரு சின்ன டிவி சேனல் ஆயுத பூஜைக்காகக் காலேஜ் பிள்ளைகளை வைத்து அரைமணி நேரப் பட்டிமன்றம் எடுத்திருந்தது. அதில் இவளும் பேசியிருந்தாள். ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு ஒளிபரப்பு.

அந்தச் சேனல் எங்கள் ஊர்க் கேபிளில் வராது. வந்தாலும் மச்சான் வீட்டில் தெரியாது. போன வருஷம் கிரிக்கெட் மேட்சின் கடைசி ஓவரில் கேபிள் நின்றுபோனதற்கு, தெருவில் நின்று கேபிள்காரரைத் திருடன் என்று சொல்லிவிட்டார் மச்சான். கேபிள்காரர் போஸ்டில் ஏறி ஒயரை வெட்டிவிட்டு இறங்கினார். அன்றிலிருந்து அரசாங்கம் கொடுத்த கலர் டிவியின் மேல் அக்கா சீப்பும் பவுடர் டப்பாவும் வைத்திருந்தாள்.

அக்கா வேலுத்தாய் அதே கம்பெனியில் சரவெடி பின்னுகிறாள். இசைவாணி பள்ளிக்கூடத்தில் ஆறேழு தடவை பேச்சுப் போட்டிப் பரிசு வாங்கியிருக்கிறாள். போனால் அன்றைக்குக் கூலி போய்விடும், அதனால் ஒரு விழாவுக்கும் அக்காவால் போக முடிந்ததில்லை. மச்சான் எல்லாவற்றுக்கும் போனார், முதல் வரிசையில் உட்கார்ந்தார், சால்வை கிடைத்த இடத்தில் சால்வையும் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து, "பிள்ளை பேசுச்சு பாரு, அப்பனை மாதிரியே," என்பார். அதற்கு மேல் அவளுக்கு ஒரு விவரமும் கிடைக்காது. மகளிடம் கேட்டால், "பேசுனதைத் திரும்பப் பேசுனா நல்லாருக்காதும்மா," என்று நழுவிவிடுவாள். பட்டிமன்றத்தைப் பற்றிக் கேட்டதற்கும், "டிவிலயே பாரும்மா," என்றுதான் சொன்னாள்.

"ஏலே செல்வம், இந்த ஒரு தடவையாவது எம்பிள்ளை பேசுறதை நான் பாக்கணும்லே," என்று அக்கா என்னிடம் சொன்னாள். வாழ்க்கையில் அவள் என்னிடம் கேட்டது அதிகமில்லை. அதனால்தான் அவள் புருஷனோடு கடைக்குப் போகிற தைரியம் எனக்கு வந்தது.

கடைக்காரர் பெத்தணன் முதலில் சின்ன டிஷ்ஷைக் காட்டினார். மாதச் சந்தா கட்டுகிற வகை. மச்சான் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"என்னய்யா, சோத்துத் தட்டைக் காட்டுதீரு? எட்டடி இல்லையா?"

எட்டடி இருந்தது. எவரோ வாங்கி வேண்டாமென்று கொடுத்துவிட்டுப் போன, மாடி முழுக்க அடைக்கிற தகர டிஷ். மச்சான் முகம் மலர்ந்தது. அடுத்தது எல்.என்.பி. டிஷ்ஷுக்கு எதிரே மூன்று கம்பிகளின் நுனியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்தச் சாமான். டிஷ் திரட்டித் தருகிற சிக்னலை வாங்கி ஒயர் வழியாக உள்ளே அனுப்புவது அதுதான். பெத்தணன் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றின் மேல் பதினேழு டிகிரி என்றும், மற்றதன் மேல் இருபத்தைந்து டிகிரி என்றும் ஒட்டியிருந்தது.

"பதினேழை எடுத்துக்கோங்க. படம் சுத்தமா வரும்."

"இருபத்தஞ்சு இருக்கையில எதுக்குய்யா பதினேழு?"

"அண்ணாச்சி, இது இரைச்சல் அளவு. கம்மியா இருந்தாத்தான் நல்லது."

மச்சான் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். சிவகாசியில் எந்தக் கடைக்காரன் எந்தப் பழைய சரக்கை யார் தலையில் கட்டுவான் என்பது தனக்குத் தெரியும் என்று அதற்கு அர்த்தம். "கம்மியா இருந்தா நல்லதாம்லா மாப்ள. நாளைக்கே நம்ம மொதலாளிகிட்டச் சொல்லி அஞ்சு வாலா போடச் சொல்லுவோம்," என்றார். கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதும் அவருக்கு. இருபத்தைந்தைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாட்டுவதற்குப் பெத்தணனே வந்தார். அவர் மாடியில், அக்கா டிவிக்கு முன்னால், நான் மாடிப்படியில். அவர் எல்.என்.பி.யைக் கொஞ்சம் திருப்பிவிட்டு, "வந்துச்சா?" என்பார். நான் உள்ளே பார்த்து, "வந்துச்சாக்கா?" என்பேன். "இல்லலே," என்பாள். நான் மேலே பார்த்து, "இல்லையாம்," என்பேன். மச்சான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, இந்த மூன்று வார்த்தைக்கும் தானே மேற்பார்வை என்கிற தோரணையில் நின்றார். இரண்டு மணி நேரம் போனது. ரிசீவர் பெட்டியில் சிக்னல் முப்பத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை. உலகத்தில் அந்த ஒரு இடத்தில் எண் பெரிதாக இருப்பதுதான் நல்லது, அங்கே பார்த்து அது சின்னதாக நின்றது. படம் வந்தது, வாய் ஓர் இடத்திலும் குரல் ஓர் இடத்திலுமாக. நிமிஷத்துக்கு ஒரு தடவை கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

"பதினேழு டிகிரி என் பையிலதான் இருக்கு. மாத்திருவமா?" என்றார் பெத்தணன்.

மாற்றியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் மாற்றுவது என்றால் கடையில் சிரித்த இருவரும் தப்பாகச் சிரித்ததாக ஆகிவிடுமே. மச்சான் டிஷ்ஷை ஒரு சுற்று சுற்றி வந்தார். "எல்.என்.பி. நல்லாத்தான் இருக்கு. டிஷ்ஷுதான் மங்கிப் போயிக் கெடக்கு. பளபளன்னு இருந்தாத்தான சிக்னலு தெறிச்சு அங்கன போயி விழும்?" என்றார். பெத்தணன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அவருக்கும் ஆயுத பூஜைக்குக் கடை கழுவ வேண்டும்.

"மாப்ள, ஒங்க பிரஸ்ஸுல ஜிகினாத் தாளு கெடக்கும்ல?" என்றார் மச்சான்.

கிடந்தது. கொண்டுவந்தும் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. எதையும் ஒட்டிச் சரிசெய்துவிடலாம் என்பது எங்கள் பக்கத்துப் பொதுப் புத்தி, நானும் அந்தத் தண்ணீர் குடித்தவன்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மைதாப் பசை காய்ச்சி மச்சான் ஒட்ட ஆரம்பித்தார். உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த மனிதருக்குக் கைவேலை தெரியும். எட்டடி டிஷ்ஷின் வளைவு முழுக்க ஒரு சுருக்கம், ஒரு குமிழ் இல்லாமல் வெள்ளித் தாளை இழைத்துவிட்டார். முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். சாயங்காலம் சிக்னல் நாற்பத்தைந்துக்கு ஏறியது. ஒயர் முனையில் இருந்த துருவைச் சுரண்டி நான்தான் மாட்டியிருந்தேன், ஆனால் கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை. "பாத்தியாலே, பெரிய எஞ்சினியரு மாதிரிப் பேசுனாரு ஒங்க கடைக்காரரு," என்று தெருவுக்கே கேட்கச் சொன்னார்.

மறுநாள் காலையில் கம்பெனியில் பூஜை முடிந்து பொரிகடலைப் பொட்டலத்தோடு திரும்பினார்கள். வீட்டிலும் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அரிவாள்மனை, சைக்கிள், மச்சானின் டிவிஎஸ், ரிசீவர் பெட்டி, ரிமோட். பிறகு மாடிக்குப் போய் எல்.என்.பி.க்கும் மூன்று பொட்டு வைத்து, செவ்வந்திச் சரம் சுற்றி, கம்பிகளுக்கு நடுவே கலர்த்தாள் தோரணமும் கட்டினார். எங்கள் குலசாமிக்குக்கூட அவர் இவ்வளவு பார்த்துச் செய்ததில்லை.

பதினொரு மணிக்கு வீடு நிறைந்துவிட்டது. தெருப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் தரையில். நடுநாயகமாக நாற்காலியில் மச்சான். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், தீபாவளிக்கு எடுத்த புதுச் சேலையை முன்கூட்டியே கட்டியிருந்தாள். இசைவாணி கூச்சப்பட்டுக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றாள். தலைப்பு, "வேலைக்குப் பெரியது கருவியா, கையா?" கருவிக்கு ஒருவன் பேசினான், கைக்கு ஒருத்தி பேசினாள். கட்டம் உடையாமல் படம் ஓடியது. நடத்துகிறவர் எழுந்து, "அடுத்துப் பேச வருபவர்..." என்று வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. பிறகு திரை நீலமாகிவிட்டது.

"ஏலே, மாடில பொகைலே!" என்று வெளியிலிருந்து ஒரு குரல்.

தாயில்பட்டியில் புகை என்றால் எங்கே, எதனால் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். முதலில் ஓடுவார்கள், உயிரோடு இருந்தால் பிறகு விசாரிப்பார்கள். பத்து எண்ணுவதற்குள் வீடு காலி. எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் மச்சான். மாதா மாதம் கம்பெனியில், "பதறாதீக, வரிசையா வெளிய போங்க," என்று வகுப்பு எடுக்கிறவர். வரிசைக்கு ஒரு ஆள் வேண்டுமே, அதனால் முதல் ஆளாகப் போனார் என்று வைத்துக்கொள்வோம்.

அக்கா வாசலுக்கு வந்து மேலே பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள்.

"வெடிமருந்து வாசமே இல்லையே. பேப்பரும் பிளாஸ்டிக்கும்தான். ஏலே செல்வம், சாக்கை நனைச்சு எடுத்துட்டுப் போ."

போனேன். கண் கூசி, டிஷ்ஷைப் பார்க்கவே முடியவில்லை. தோரணம் சாம்பலாகிவிட்டது, செவ்வந்தி கருகிக்கொண்டிருந்தது, எல்.என்.பி.யின் மூடி உருகிச் சொட்டியது. நிழல் விழும்படி நின்று ஈரச் சாக்கைப் போட்டேன். கை சுட்டது, ஜிகினா கொண்டுவந்த கைதானே, சுடட்டும் என்று விட்டுவிட்டேன். இதைப் பிறகு பெத்தணன்தான் விளக்கினார். செப்டம்பர் கடைசியில் நாலைந்து நாள், அந்த நேரத்துக்கு, டிஷ் பார்க்கிற திசைக்கே சூரியன் நேராக வந்து நிற்குமாம். வெயில் சிதறட்டும் என்றுதான் கம்பெனிக்காரன் டிஷ்ஷுக்கு மங்கலாகப் பெயிண்ட் அடிக்கிறானாம். நாங்கள் அதைக் கண்ணாடியாக்கி, மொத்தச் சூரியனையும் திரட்டி எல்.என்.பி.யின் வாயில் ஊட்டியிருக்கிறோம். இருபத்தைந்து டிகிரி சாமானுக்கு எத்தனை ஆயிரம் டிகிரி கிடைத்ததோ, எண் பெரிதாகத்தான் இருந்திருக்கும்.

கீழே இறங்கி வந்தபோது அக்கா அதே சுவரோரத்தில் உட்கார்ந்திருந்தாள். நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அவள் அழவில்லை. ஆறேழு விழா, ஒரு பட்டிமன்றம், அத்தனையும் போச்சு. இதில் கடைசியைக் கெடுத்ததில் எனக்குப் பாதிப் பங்கு.

அவள் எழுந்து போய் டிவியை அணைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இசை, இங்கன வா. அங்கன என்ன பேசுனியோ, அதை இங்கன நின்னு பேசு."

"இப்பவாம்மா? வெளிய எல்லாரும்..."

"எல்லாரும் எதுக்கு? நான் இருக்கேன்ல."

இசைவாணி என்னைப் பார்த்தாள். நான் நகர்ந்து சுவரோரம் உட்கார்ந்தேன். அவள் டிவிக்கு முன்னால் வந்து நின்று, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்தாள். "அவையோருக்கு வணக்கம்," என்றாள். குரல் முதலில் நடுங்கியது. இரண்டு வரிக்குப் பிறகு நடுக்கம் போய், எனக்கே தெரியாத ஒரு பெண் அங்கே நின்று பேசினாள்.

"நடுவர் அவர்களே, ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் அரிவாள்மனைக்குப் பொட்டு வைப்பார்கள். சைக்கிளுக்குப் பொட்டு வைப்பார்கள். அப்பாவின் ஸ்க்ரூ டிரைவருக்கும் பொட்டு உண்டு. எங்கள் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை சரம் பின்னுகிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் எண்ண நேரம் இருந்ததில்லை. நீங்கள் இந்தத் தீபாவளிக்கு வெடிக்கப் போகிற வெடியில் அவள் விரல் படாதது கொஞ்சம்தான். அந்தக் கைக்கு இதுவரை யாரும் ஒரு பொட்டு வைத்ததில்லை."

அக்கா தன் இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். ஓடிப்போன பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, சத்தமில்லாமல் வாசலில் நின்றார்கள். இசைவாணி நிறுத்தவில்லை.

அப்போதுதான் மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். காதில் செல்போன். காரியாபட்டியில் இருக்கிற அவருடைய தங்கச்சி அய்யம்மாள் கூப்பிட்டிருந்தாள். அங்கே கேபிளில் அந்தச் சேனல் வருகிறது.

"ஏ வேலுத்தாயி, புரோகிராம் முடிஞ்சிருச்சாம்! நம்ம பிள்ளை பேசுனதை வெட்டிட்டானாம்! கை தட்டுறப்ப ஓரமா ஒரே ஒரு வாட்டி காட்டுனானாம், அம்புட்டுத்தானாம்! யாருமே பாக்கலையாம்!"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சத்தம் போடாதீக. பிள்ளை பேசிக்கிட்டு இருக்கா."