தரை தெரிந்த தண்ணீர்

எங்கள் ஊர்க் கண்மாயில் தண்ணீர் எப்போதும் செம்மண் கலங்கல்தான். தரை கண்ணுக்குத் தெரிந்தால் முழங்கால் ஆழம் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் என் வீட்டுக்காரர் பிச்சைமுத்து கல்குவாரிக் குழியில் இறங்கினார்.

இலுப்பூருக்குத் தெற்கே மூடிப்போட்ட குவாரி அது. அடுத்தடுத்து ரெண்டு குழிகள். பங்குனி வெயிலில் கண்மாய் வெடித்துக் கிடந்ததால், ஆடுகளுக்குத் தண்ணீர் காட்ட அங்கே ஓட்டிப்போனோம். லாரி இறங்கும் சரிவில் நின்று குடித்த கிடாய்க்குட்டி ஒன்று வழுக்கி உள்ளே போய்விட்டது. பாறைக் குழியில் சேறு ஏது? அடியில் கிடந்த கல் ஒவ்வொன்றும் தெரிந்தது.

"வேணாங்க, ஒங்களுக்கு நீச்சல் தெரியாது" என்றேன்.

"நீச்சல் எதுக்கு புள்ள? இந்தா, தரை தெரியுதுல்ல" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

அந்த வேட்டிகூட நனையாது என்று நினைத்த மனுசன். நாலு எட்டு வைப்பதற்குள் காலடியில் பாறை இல்லை, ஆள் உள்ளே போய்விட்டார். குட்டி தானாக நீந்திக் கரையேறி உடம்பை உதறியது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேலே ரோட்டோரம் ஆடு மேய்த்த ரெங்கசாமி அண்ணனுக்கு நீச்சல் தெரியும். நான் கத்தியதைக் கேட்டு ஓடிவந்தார். ஆனால் என் சத்தம் எதிர்ப்பாறையில் மோதித் திரும்பி, அடுத்த குழியிலிருந்து வருவது போல அவருக்குக் கேட்டிருக்கிறது. அங்கே போய்த் தேடினார்.

"எங்கிட்டும்மா இருக்கே?"

"இங்கிட்டுண்ணே, இங்கிட்டு!"

பாழாய்ப்போன பாறை அதையும் அங்கிட்டே கொண்டுபோய்ச் சேர்த்தது. என் வீட்டுக்காரரைக் கண் ஏமாற்றியது, அண்ணனைக் காது. அண்ணன் வந்து சேர்ந்தபோது ஒரு குமிழிகூட இல்லை. மூச்சைப் பிடித்து முங்கிப் பார்த்தார், அடிவரை போக முடியவில்லை.

தண்ணீர் அசைவு நின்றதும் என் வீட்டுக்காரர் தெரிந்தார். மல்லாக்கக் கிடந்தார். சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது.

தீயணைப்பு வண்டியில் வந்தவர் கொக்கிக் கம்பியை இறக்கிக்கொண்டே சொன்னார்: "தண்ணிக்குள்ள இருக்கிறதச் சாஞ்சு பாத்தா, மேல ஏறி வந்த மாதிரி தெரியும்மா. இது ரெண்டு ஆள் ஆழத்துக்கு மேல."

"தெரிஞ்சவங்க ஒரு போர்டு வச்சிருக்கலாம்ல?" என்றேன். குழியைத் தோண்டியது அவரா, பாவம். ஆனால் அப்போது என் முன்னால் நின்றது அவர்தான்.

அதற்குள் பள்ளிக்கூட யூனிபார்மோடு என் மகள் இலக்கியா ஓடிவந்துவிட்டாள். விளிம்பில் நின்று உள்ளே பார்த்தாள்.

"ஏம்மா, அப்பா இந்தா பக்கத்துலதானே கெடக்காரு. நீ கையக் குடுத்துத் தூக்கியிருக்கலாம்ல?"

வேறு யாராவது கேட்டிருந்தால் நாறடித்திருப்பேன். இவளிடம் வலது கையை நீட்டிக் காட்டினேன். ரவிக்கை தோள்பட்டை வரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. வண்டி வரும்வரை விளிம்புப் பாறையில் உரசி உரசி, முழங்கைக்கு மேலே தோலே இல்லை.