என் வருடத்து ஒயின்

என் பாட்டிலைக் கேட்டு அண்ணன் வந்தான். மகள் கல்யாணத்தில் அதைத் திறக்க வேண்டுமாம்.

அப்பா ஒரு பெரிய ஹோட்டலில் ஒயின் அறைக்குப் பொறுப்பாளராக இருந்தவர். நாங்கள் பிறந்தபோது ஆளுக்கொரு பாட்டில், அந்தந்த வருடத்து ஒயின், வாங்கி மாடிப்படிக்கு அடியில் இருட்டில் படுக்கப் போட்டார். கல்யாணத்தன்றுதான் திறக்க வேண்டும். அண்ணனுடையதை அவன் கல்யாணத்தில் திறந்தார்கள். விழுங்குவதற்கு முன்பே "சூப்பர்" என்று கத்தினான். அந்தக் காலி பாட்டிலை அப்பா துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்.

என்னுடையது படுத்தே கிடந்தது. கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லிப் பல வருடம் ஆகிறது. லிஃப்ட் மெக்கானிக் வேலை, சொந்தச் சம்பாத்தியம், ஒரு குறையும் இல்லை. ஆனால் படிக்கு அடியில் அந்தப் பாட்டில் கிடக்கும்வரை இந்த வீட்டில் நான் இன்னும் நடக்காத ஒரு காரியம்.

அவன் வருவதற்கு முந்தின நாளே பாட்டிலை எடுத்துச் சமையலறையில் நிமிர்த்தி வைத்தேன். பழைய ஒயினில் கசடு இருக்கும். அது அடியில் இறங்க ஒரு நாளாவது வேண்டும். அப்பா பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிறு மதியம் சாப்பிட உட்கார்ந்தோம்.

"துணி சுத்திப் பத்திரமா எடுத்துட்டுப் போறேன்," என்றான் அண்ணன். "சும்மாதானே கிடக்குது. உனக்கும் இனிமே எதுக்கு?"

"இனிமேன்னா?"

"தப்பா எடுத்துக்காதடி. அது குடும்பச் சொத்து மாதிரி."

"உன் பாட்டிலும் குடும்பச் சொத்துதான். பாதிய சட்டையில ஊத்திக்கிட்ட."

அண்ணி வாயைத் துடைப்பதுபோல் சிரித்தாள்.

நான் எழுந்து பாட்டிலையும் நாலு கிளாஸையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். கார்க் எடுக்கும் திருகாணியைக் கையில் எடுத்ததும் அப்பா நிமிர்ந்தார்.

"என்ன பண்ற? இன்னைக்கு என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லப்பா. ஞாயித்துக்கிழமை."

"விசேஷம் இல்லாம அதத் திறக்கக் கூடாது."

"நீங்க திறக்க வேணாம். நானே திறந்துக்கறேன்."

கார்க் ஊறிப்போயிருந்தது. பாதியில் முறிந்தது. மீதியில் மறுபடி குத்தினேன், உதிர ஆரம்பித்தது. அப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"தள்ளு, தள்ளு. கொலை பண்ணாத."

திருகாணியைப் பிடுங்கிச் சாய்வாக நுழைத்து, காலில் குத்திய முள்ளை எடுப்பதுபோல மிச்சத்தை எடுத்தார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது, தன் கையாலேயே திறந்துவிட்டோம் என்று. எல்லோருக்கும் ஊற்றினார். கசடு பாட்டிலின் கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஹோட்டலில் ஒயின் ருசி பார்க்கும் மேசையிலிருந்து அப்பா கொண்டுவந்தது. பாட்டில் யாருடையதோ அவர் முதலில் குடித்துவிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும். அதுவரை மற்றவர்கள் குடிக்கவும் கூடாது, பேசவும் கூடாது. பேசினால் கிளாஸ் பறிபோகும்.

முகர்ந்தேன். முதலில் ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த பெட்டியின் வாசனை. கிளாஸைச் சுழற்றியதும் காய்ந்த அத்திப்பழம், அதற்குப் பின்னால் தோல் பை. ஒரு வாய் குடித்தேன். துவர்ப்பு முழுக்கத் தேய்ந்து மெத்தென்று இறங்கியது. விழுங்கி வெகுநேரம் ஆகியும் நாக்கைவிட்டுப் போகவில்லை.

நான் எதுவும் சொல்லவில்லை.

அண்ணன் என் வாயையே பார்த்தான். நான் ரொட்டியைப் பிய்த்துத் தின்றேன். இன்னொரு வாய் குடித்தேன். கறியை வெட்டி நிதானமாக மென்றேன். அவன் பேசத் தயாரித்து வந்ததெல்லாம் தொண்டையில் வரிசை கட்டி நின்றது. முகம் சிவந்தது. அப்பா தன் கிளாஸைப் பார்த்தபடி இருந்தார். அண்ணி தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. என் கிளாஸ் காலியானது.

"நல்லா இருக்கா இல்லையா? சொல்லித் தொலையேன்!" என்று வெடித்தான் அண்ணன்.

அப்பா கையை நீட்டி அவன் கிளாஸை எடுத்தார். என் கிளாஸில் ஊற்றினார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அதிலும் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு. குடிங்க," என்றேன்.

அப்பா குடித்தார். ரொம்ப நேரம் வாயிலேயே வைத்திருந்தார்.

"இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா செத்திருக்கும்," என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"இதே மாதிரி தினம் ஒண்ணு கிடைக்குமா மாமா?" என்று கேட்டாள் அண்ணி. "இவர் இவ்வளவு நேரம் வாய மூடி நான் பாத்ததே இல்ல."

"நீ வேற. அப்போ என் பொண்ணு கல்யாணத்துக்கு?" என்றான் அண்ணன்.

"கடையில வாங்கிக்கோ."

சாப்பிட்டு முடித்ததும் அப்பா காலி பாட்டிலை எடுத்துத் துணியால் துடைக்க ஆரம்பித்தார். கண் அலமாரிப் பக்கம் போனது, அண்ணன் பாட்டிலுக்குப் பக்கத்தில் இடம் பார்த்தார். நான் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். சத்தம் நன்றாகவே கேட்டது.