ழ போட்ட இடங்கள்

அன்று காலை என் மனைவி மார்கிரட் வேலைக்குப் புறப்பட்டபோது, நான் சமையலறை யன்னலால் வெளியே பார்த்து, “மளை வரும்போல கிடக்கு, குடையைக் கொண்டுபோம்” என்றேன். அவள் சப்பாத்துக் கயிற்றைக் கட்டியபடி, தலை நிமிராமல், “மழை” என்றாள். “முப்பத்தொரு வருசமாச் சொல்லுறன். உங்கட நாக்கு மடியாதே?”

“யாழ்ப்பாணத்தில ஆர் அப்பிடி நாக்கை மடிக்கிறது? எப்பிடிச் சொன்னாலும் நனைஞ்சால் ஈரம்தானே.”

“சொல்லேக்க விடுறன். எழுதேக்க விடமாட்டன்.”

குடையை எடுக்காமல் போனாள்.

பதினொன்றரைக்கு அவளுடைய வேலையிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. மேசையில் இருந்தபடியே சாய்ந்துவிட்டாளாம். மூளையில் இரத்தக் குழாய் வெடித்திருந்தது. இரண்டாம் நாள் டென்மார்க்கின் ஒடென்ஸ நகர வைத்தியசாலையில், நானும் மகள் எப்சிபாவும் பக்கத்தில் இருக்க, அவள் போய்விட்டாள்.

அவள் கோல்டிங்கில், பழைய அச்சுத்தாள்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் சிறிய நிறுவனமொன்றில் வேலை செய்தாள். கடைசி இரண்டு வருடமும் அவள் கையில் இருந்தது ஒரே ஒரு கட்டு. கிறீன்லாந்துக்காரர் தங்கள் மொழியில் நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அச்சடித்த பத்திரிகை. சீல் வேட்டைக்குப் போனவர்கள் எழுதிய கடிதங்களும், படகு கவிழ்ந்த செய்திகளும், இறந்தவர்களின் பெயர்களும் அதில் இருந்தன. கிறீன்லாந்து டென்மார்க் அரசின் கீழ் இருந்தாலும் நிலம் அமெரிக்கக் கண்டத்தோடு சேர்ந்தது என்பதில் அவளுக்கு ஒரு புளுகம், ஒரு பெருமை. “கனடாவில இருக்கிற உங்கட அக்காவிட்டச் சொல்லுங்கோ, நானும் விசா இல்லாமல் அமெரிக்காப் பேப்பரிலதான் வேலை எண்டு.”

அந்த மொழி அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒரு பிழையைக் கண்டுபிடித்திருந்தாள். தொண்டையின் அடியிலிருந்து வரும் ஓர் ஒலிக்கு அந்தக் காலத்தில் அவர்களிடம் தனி எழுத்து இருந்தது. பெரிய K-யைக் குள்ளமாக்கி வைத்ததுபோல இருக்கும். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் மென்பொருள் அதைச் சாதாரண k என்று வாசித்துவிட்டது. படத்தைத் திரையில் பார்த்தால் மங்கிய இடங்களில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். தாளை நேரே பூதக்கண்ணாடியால் பார்த்தால் மட்டும் வித்தியாசம் பிடிபடும்.

அவள் பார்த்தாள். அந்த எழுத்தைத் தட்டுவதற்கு விசை இருக்கவில்லை. தான் படிப்பித்த சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்காகக் கணினியில் போட்டு வைத்திருந்த தமிழ் விசைப்பலகையால், அந்த எழுத்து வரும் ஒவ்வோர் இடத்திலும் ழ போட்டாள்.

“அவேன்ர பேப்பரில ழ வேற எங்கயும் வராதுதானே. முடிஞ்ச உடன எல்லா ழவையும் ஒரே தட்டில மாத்திப்போடலாம்” என்று ஒருநாள் சோற்றைப் போட்டபடி சொன்னாள். வேலையிடத்தில் சொன்னீரா என்று கேட்டேன். “முடிச்சிட்டுச் சொல்லுவம். இப்ப சொன்னால் வேண்டாம் எண்டுவினம்.”

பெப்ரவரி நடுவில் அவளுடைய மேற்பார்வையாளர் யெஸ்பர் ஒரு பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். தேநீர்க் கோப்பை, கம்பளிச் செருப்பு, பூதக்கண்ணாடி, மூன்று கொப்பிகள். “கொப்பிகளின் அட்டையில் உங்கள் மொழியில் எழுதியிருக்கிறது. தனிப்பட்டவை என்று நாங்கள் பார்க்கவில்லை” என்று டெனிஷில் சொன்னார்.

அவர் போனபின் திறந்தேன். பக்க எண், வரி எண், பிறகு ஒரு சொல். ஆங்கில எழுத்துக்களுக்கு நடுவே ழ. தமிழாக வாசிக்கப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. மூன்றாவது பக்கத்தில்தான் அந்தச் சோற்று நேரத்துக் கதை நினைவுக்கு வந்தது.

யெஸ்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். கோப்பு முழுக்க ஏதோ விநோதமான எழுத்து இருந்ததாம். விசைப்பலகைக் கோளாறு என்று நினைத்து, போன கிழமைதான் எல்லாவற்றையும் k என்று மாற்றினார்களாம். பழைய பிரதி வைத்திருக்கவில்லை. பத்திரிகைக் கட்டு கிறீன்லாந்தின் நூக் நகர நூலகத்துக்குக் கப்பலேறிவிட்டது. மார்ச் முடிவில் கோப்பையும் ஒப்படைக்கவேண்டும்.

எங்கே ழ இருந்தது என்பதற்கு இனி இந்த மூன்று கொப்பிகள்தான்.

மறுநாள் என் வேலை முடிந்ததும் நேரே அவளுடைய வேலையிடத்துக்குப் போனேன். நானே இருந்து திருத்தித் தருகிறேன் என்றேன்.

“நேசராஜா, ஒரு எழுத்துத்தானே. வாசிக்கிறவர்களுக்கு விளங்கும்” என்றார் யெஸ்பர், ஆறுதல் சொல்லும் குரலில்.

நான் இந்த நாட்டுக்கு வந்த மூன்றாம் வருடம் நடந்ததை அவருக்குச் சொன்னேன். அப்போது இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. ஊரிலிருந்து தந்தி வந்தது, அப்பு இறந்துவிட்டார் என்று. வேலைத்தலைவரான போர்மனிடம் போய், எனக்குத் தெரிந்த டெனிஷில், அழுதபடி சொன்னேன். டெனிஷில் அப்புவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஃபார். செம்மறியாட்டுக்கு ஃபோர், எழுத்தில் a-க்கு மேலே ஒரு சின்ன வட்டம் மட்டும் கூட. நான் சொன்னது ஆடு. போர்மன் என் தோளில் தட்டி, “மொத்தம் எத்தனை வளர்க்கிறாய்?” என்று கேட்டார்.

யெஸ்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகம் சிவந்தது.

“அந்தச் சின்ன வட்டத்தை உங்கள் பத்திரிகைகளில் எல்லாம் எடுத்துவிட்டால் விடுவீர்களா?” என்று கேட்டேன். “அவள் ஆட்டை ஆடென்றும் அப்பாவை அப்பாவென்றும் பிரித்து வைத்திருந்தாள். நீங்கள் ஒன்றாக்கிவிட்டீர்கள்.”

அவர் எழுந்துபோய்த் தன் மேலாளரோடு கதைத்துவிட்டு வந்தார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். மார்கிரட்டின் மேசையைக் காட்டினார்.

ஒவ்வொரு நாளும் இரண்டரையிலிருந்து ஐந்து மணிவரை இருந்தேன். முதல் கிழமை நாலே பக்கம். பக்கத்தைத் தேடி, வரியை எண்ணி, சொல்லைப் பிடித்து, k-யை அழித்து, ழ. மார்கிரட்டின் கையெழுத்தில் ழவின் வால் எப்போதும் அடுத்த வரியைத் தொடும்.

எப்சிபாவுக்குக் கோபம். “அப்பா, உங்களுக்கு அந்த மொழியே தெரியாதே” என்று டெனிஷில் சொன்னாள்.

“உன்ர அம்மாவுக்கும் தெரியாது.”

ஆனால் சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். யெஸ்பர் அலுவலகக் கதவுத் திறப்பைத் தந்திருந்தார். அவள் கொப்பியை வாசிக்க, நான் தட்டினேன். அவளுக்குத் தமிழ் வாசிப்பு மிகக் குறைவு. ஆனால் ழ வந்த இடமெல்லாம் நாக்கை மடித்து, தாயைப் போலவே சுத்தமாகச் சொன்னாள். “முதலிலும் கடைசியிலும் ழ” என்பாள். நான் தட்டிவிட்டு, “ம், அடுத்தது” என்பேன்.

மூன்றாவது கொப்பி பத்திரிகையின் அறுபத்தெட்டாம் பக்கம் பத்தொன்பதாம் வரியோடு நின்றது. அந்த வரியின் எழுத்து மற்ற வரிகளைப் போலத்தான் இருந்தது. அடுத்த வரியில் எண்ணை மட்டும் எழுதியிருந்தாள்: இருபது.

மார்ச் இருபத்தெட்டாம் திகதி யெஸ்பர் மாற்றும் கட்டளையை எழுதித் தந்து, விசையை என்னையே அழுத்தச் சொன்னார். ஏழாயிரத்து இருநூற்றுப் பதினாலு இடங்களில் மாற்றியதாகக் கணினி காட்டியது. திரையில் ஒரு ழகூட மிஞ்சவில்லை. எல்லா இடத்திலும் அந்தக் குள்ளமான எழுத்து.

ஏப்ரலில் நூக் நூலகத்திலிருந்து பிப்பாலுக் என்ற பெண் தொலைபேசியில் டெனிஷில் என்னோடு கதைத்தார். அவருடைய பூட்டனின் பெயர் அந்த எழுத்தில்தான் முடியுமாம். நாற்பத்தோராம் பக்கத்தில் அவர் எழுதிய கடிதம் தேடலில் வந்துவிட்டது என்றார். அறுபத்தெட்டுக்குப் பிறகு திருத்தவில்லை என்று நான் சொன்னேன்.

“கட்டு எங்களிடம் இருக்கிறது. இருபதாம் வரியிலிருந்து நாங்கள் பார்க்கிறோம்” என்றார். பிறகு தன் மொழியில் நன்றி சொன்னார். அந்தச் சொல்லைக் கொப்பியில் கண்டிருக்கிறேன். முதலிலும் கடைசியிலும் ழ.

தொலைபேசியை வைத்தபோது யன்னலுக்கு வெளியே தூறத் தொடங்கியிருந்தது. என்னைப் பார்க்க வந்திருந்த எப்சிபா காருக்குப் போக எழுந்தாள். குடையை எடுத்து நீட்டினேன்.

எழுதும்போது இப்போது நின்று யோசித்து ழ போடுகிறேன். ஆனால் குடையை நீட்டும்போது மகளிடம் சொன்னது மளை என்றுதான்.