பிடி அரிசி நிதி

உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்ப் படைப்பது எங்கள் சபைப் பெண்களின் வழக்கம். போதகர் அதை ஏழை வீடுகளுக்குக் கொடுப்பார். அண்ணன் டேனியல் குடும்பத்தோடு கனடாவில் குடியேறி அம்மாவையும் அழைத்துக்கொண்ட பிறகும் அம்மா இதை விடவில்லை. அந்த ஊர்ப் போதகர் அரிசிப் பையை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தாராம். வாராவாரம் வாங்கி வாங்கிக் கடைசியில் அவரே சோறு சாப்பிடப் பழகிவிட்டாராம்.

அம்மாவை அங்கேயே அடக்கம் செய்தார்கள். எனக்கு விசா வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போனில்தான் முகம் பார்த்தேன். அந்தக் கொடுமையை என்னவென்று சொல்ல! அப்பா முன்பே போய்விட்டார், எனக்கு வரனும் அமையவில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலையும் வீடுமாக நான் ஒருத்திதான்.

இந்த வருடம் அண்ணன் எங்கள் சபையில் அம்மா பெயரால் 'கிருபாவதி பிடி அரிசி நிதி' ஏற்படுத்தினான். பார்க்க ஆளில்லாதவர்களுக்கு மாதாமாதம் அரிசி. நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? தொடக்க நாளுக்கு நேரில் வருகிறேன் என்றவன், முந்தின வாரம் "லீவு கிடைக்கல" என்றான். ஒன்பது வருடமாக இதே பாட்டு. அவனுக்கென்று வாங்கிய மெத்தையின் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் போதகர் லேப்டாப்பைத் திறந்துவைத்தார். திரையில் ஸ்வெட்டரோடு அண்ணன். தலை நன்றாக நரைத்திருந்தது. கோபமும் வந்தது, அந்தத் தலையைத் தொட்டுப் பார்க்கவும் ஆசையாக இருந்தது.

போதகர் பன்னிரண்டு பெயர்களை வாசித்துவிட்டு, "வேற யாராச்சும் விட்டுப்போய்ட்டாங்களா?" என்று கேட்டார்.

நான் எழுந்தேன். "என் பேரையும் எழுதிக்குங்க ஐயா."

சபை சிரித்தது. "சம்பளக்காரி நீ, உனக்கு இன்னாத்துக்கும்மா அரிசி?" என்றார் போதகர்.

"அரிசி வேணாங்க. ஆளில்லாதவங்க பட்டியல்தானே இது?"

சிரிப்பு நின்றது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றினான்.

"எழுதாதீங்க ஐயா," என்றான் திரையிலிருந்து. குரல் உடைந்திருந்தது. "அவளுக்கு நான் இருக்கேன்."

போதகர் பேனாவோடு என்னைப் பார்த்தார். நான் உட்காரவில்லை.

"எழுதுங்க ஐயா. அண்ணன் நேர்ல வந்து என் பேரை எடுக்கட்டும்."