படுதாவுக்கு இந்தப் பக்கம்

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. “நோன்பு வைக்கலையே?” என்று கேட்டேன். “இல்லீங்க டாக்டர்” என்றார் அமீர்ஜான். ரத்தப் பரிசோதனைத் தாள் வேறு மாதிரிச் சொன்னது. பதினைந்தே நாளில் அவருடைய சிறுநீரகம் இன்னும் கெட்டிருந்தது. கொல்லிமலையில் டாக்டராக எனக்கு ஆறு வருடம் ஆகிறது. பொய்யைக் கேட்டுக் கோபப்படும் தெம்பெல்லாம் போய்விட்டது. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

2.

முதல் தொடக்கம்: ‘ரம்ஜான் பிறை தெரிந்த மாலையில் மிளகுக் கொடிகளின் மேல் பனி

(அடித்துவிட்டேன். இந்த வியாதிக்கும் பனிக்கும் சம்பந்தமில்லை.)

இரண்டாவது: ‘அமீர்ஜான், ஐம்பத்தெட்டு வயது, ராசிபுரத்திலிருந்து வந்து கடைத்தெருவில் தனியாகத் தங்கியிருக்கும் தையற்காரர்.’ இது இருக்கட்டும்.

3.

ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம். நோன்பை விடாதே என்று மிரட்டும் பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒருவரை வைத்திருந்தேன். வசதியான ஆள். பழியை அவர் தலையில் போட்டுவிட்டு நான் தூங்கப் போகலாம். ஆனால் நோன்பு கூடாது என்று நான் சொன்ன அன்றே, என் முன்னாலேயே, அமீர்ஜான் தன் ஊர் ஹஜ்ரத்துக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். “டாக்டர் வேண்டாம்னா வைக்காதீங்க பாய். நோயாளிக்கு மார்க்கத்துலயே சலுகை இருக்குது. நாளுக்கு ஓர் ஏழைக்குச் சோறு போடுங்க” என்றார் அவர்.

[வில்லனை நீக்கியாயிற்று. அந்த இடத்தில் யாரை வைப்பது?]

4.

பரிசோதனைத் தாளைக் காட்டினேன். “அப்புறம் ஏன் நோன்பு வச்சீங்க பாய்?”

“பொன்னம்மாக்காவுக்காகத்தானுங்க.”

பொன்னம்மாள் அவருடைய தையற்கடைக்கு எதிரில் டீக்கடை வைத்திருக்கும் மலைக்காரப் பெண். ரம்ஜான் மாதம் முழுக்க அவர் கடை முன்னால் சாக்குப் படுதா தொங்கும். டீ குடிப்பவர்கள் நோன்பாளியின் கண்ணில் படக் கூடாதாம்.

“பத்து வருசமா இறக்கி உடறாங்க. வெறகுப் பொகையில இருமிட்டே டீ ஆத்தறாங்க. இந்தப் பக்கம் உக்காந்துட்டு நான் எப்படிங்க தண்ணி குடிக்கறது?”

“உள்ளே போய்க் குடிக்கலாமே.”

“ஒளிஞ்சு குடிக்க நான் என்ன திருடனாங்க?”

“அப்போ அவங்ககிட்ட சொல்லிடலாம்.”

“சீக்குன்னு தெரிஞ்சா ஊரே பாவம் பாக்கும். நீங்களும் சொல்லப்படாதுங்க.”

சரி என்றேன். (உப்பு, மாத்திரை, தண்ணீர் என்று முன்பு பத்து நிமிடம் விளக்கியிருந்தேன். எதிர்க்கடையைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.)

5.

முடிவு அ: நான் வாக்கை மீறுகிறேன்.

முடிவு ஆ: நாமக்கல், டயாலிசிஸ், வாரம் இரண்டு முறை மலையிறங்கும் பஸ்ஸில்... இதை நான் எழுத மாட்டேன்.

நேற்று நடந்தது மட்டும் சொல்கிறேன். டீ குடிக்கப் போனேன். படுதாவுக்குள் பொன்னம்மாள் இருமிக்கொண்டே கேட்டார். “ஏனுங்க டாக்டரு, பாய்க்கு மொகம் வீங்கிக் கெடக்குது. ஒண்ணும் இல்லீங்களே?”

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நான்

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. நோன்பு முடிய இன்னும் பதினான்கு நாள். படிக்கும் உங்களிடம் இதைச் சொன்னதே தப்புதான், அமீர்ஜான் மன்னிக்கட்டும். ஆனால் உங்களிடம் யாரும் வாக்கு வாங்கவில்லை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து மூன்றாவது கடை. படுதாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போங்கள்.